காலி நாற்காலி

ரயில்வே கேட்டையும் பக்கத்திலிருக்கும் என் மிட்டாய்க்கடையையும் ஓர் அனிமே கார்ட்டூன் தொடரில் வரைந்து ஆறு வருடமாகிறது. ரசிகர்கள் வந்து, தொடரின் படத்தைத் தூக்கிப் பிடித்து, நிஜத்தோடு பொருத்திப் போட்டோ எடுப்பார்கள்.

இன்று வந்த சினாட்சு என்ற ரசிகை, வாசலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கைதட்டினாள்.

"சூப்பர் தாத்தா! படத்துல இருக்கிற மாதிரியே மாவுக்கட்டெல்லாம் போட்டிருக்கீங்களே!"

"வேஷம் இல்லம்மா. நேத்து நிஜமாவே விழுந்து கை உடைஞ்சுபோச்சு."

படத்தை வாங்கிப் பார்த்தேன். அதே நாற்காலி. இடது கையில் கட்டோடு நான். ஆறு வருடத்துக்கு முன் வரைந்த படம்.

அவள் போட்டோ எடுத்துவிட்டு அடுத்த படத்தை உருவினாள்.

"கொஞ்சம் எழுந்துக்கறீங்களா தாத்தா? இதுல நாற்காலி காலியா இருக்கு."

அவள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளேயிருந்து என் மனைவி ஹிசாயோ கத்துகிறாள்.

"விளக்கு வெச்சாச்சு, இன்னும் என்ன உட்கார்ந்துக்கிட்டு?"

நான் எழுந்திருக்கவில்லை.