யாருடைய விளக்கு?

கூடத்துச் சுவரில் மகளின் மனவிளக்கு மூன்று நாள்களாகச் சிவந்தே எரிந்தது. மகள் கையில் கட்டியிருக்கும் பட்டை துயரத்தை உணர்ந்தால்தான் அது சிவக்கும். நறுமுகையோ இன்னொரு தோசைக்குச் சண்டையிட்டுக்கொண்டிருந்தாள். தாய் கயல்விழிக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

"ஸ்கூல்ல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களாடி?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"அப்புறம் விளக்கு ஏன் இப்படி எரியுது?"

நறுமுகை தட்டையே பார்த்தாள். "என் பட்டைய என் கிளாஸ் ஜெஸிந்தா கட்டியிருக்காம்மா. அவளோடது என் கையில. அவங்க வீட்ல விளக்க யாரும் நிமிந்துகூடப் பாக்க மாட்டாங்க. நீ பாப்பேன்னுதான் மாத்திக்கிட்டோம்."

கயல்விழி அடுப்பை அணைத்தாள். "அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"வெளியதான் நிக்கிறா. நீ கூப்பிட்டா வருவா."

கயல்விழி கதவைத் திறந்தாள். என்ன கேட்பதென்றுதான் இன்னும் தெரியவில்லை.