கத்தரி வெட்டிய ஓரங்கள்

வீடியோவை வெட்டி ஒட்டும் செயலிக்குள் ஒரு கத்தரி இருந்தது. வேலையில் படு சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

மனைவி ஸ்டெல்லா இறந்து நாற்பது நாள் கழித்து, இருதயராஜ் கணினி முன் உட்கார்ந்தார். அவள் எடுத்து வைத்திருந்த வீட்டு வீடியோக்களை ஒரே படமாகச் சேர்க்கக் கற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆடுகிற ஓரங்களை வெட்ட வேண்டும் என்பதுதான் முதல் பாடம்.

"இந்தம்மாவுக்கு கேமராவை நிறுத்தவே தெரியாதா?" என்று கத்தரி மவுஸிடம் சலித்துக்கொண்டது. "எதை எடுத்தாலும் கடைசியில தரை, செருப்பு, புடவைக் கரைதான்!" நறுக் நறுக்கென்று அத்தனையையும் வெட்டித் தள்ளியது.

பிறந்தநாள் கேக், பிள்ளைகள், கடற்கரை என்று படம் பளிச்சென்று வந்தது. இருதயராஜ் முழுவதையும் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இவ எங்க?" என்றார்.

கத்தரிக்குப் புரியவில்லை. அவர் உள்ளங்கைக்கு அடியில் இருந்த மவுஸ்தான் சொன்னது: "படம் பிடிச்சவங்க படத்துல எப்படி இருப்பாங்க? அவங்க இருந்ததே நீ வெட்டின ஓரத்துலதான்."

அவர் வெட்டியதையெல்லாம் திரும்ப எடுத்து, அவற்றை மட்டும் ஒட்டினார். தரை ஓடியது, செருப்புக் கால் நடந்தது, நீலக் கரை ஆடியது. கடைசித் துண்டில் அவள் குரல் கேட்டது: "ஐயோ, இது இன்னும் ஓடிக்கிட்டே இருக்குங்க!" ஒரு சிரிப்பு. திரை இருண்டது.

"கடைசியில இருண்டுச்சே, அந்த இடத்துல நான் வெட்டல" என்றது கத்தரி, சன்னமாக.

 மவுஸின் முதுகு நனைந்திருந்தது.