தாய்மாமன் மடி

கால் வலி என்று சொல்லிவிட்டு வேடியப்பன் சரவணப் பொய்கைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டான்.

ஊர்க்காரர்கள் நம்பவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. மூட்டை முடிச்சுகளை அவன் காவலில் விட்டுவிட்டு, யுத்தத்தால் கற்பூரம்கூடக் கிடைக்கவில்லையே என்று புலம்பியபடி காவடியைத் தூக்கிக்கொண்டு பாட்டோடு திருத்தணி மலை ஏறிப் போனார்கள்.

ஐப்பசி வெள்ளத்தில் அவர்கள் ஊர் ஏரியின் கரை, ஊர்ப் பக்கம் உடையாமல் தென்கோடியில் உடைந்தது. நாற்பது வீடு தப்பியது. முருகன்தான் வேலால் குத்தித் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டான் என்று ஊரே பேசியது. பாட்டுக்கூடக் கட்டிவிட்டார்கள்.

வேடியப்பன் அந்த ஏரியின் நீர்கட்டி. மடையைத் திறப்பதும் மூடுவதும் அவன் வேலை. மூன்று மாதமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லி அழ ஒரு ஆள் இல்லை. சன்னிதியில் போய் நின்றால் எல்லார் எதிரிலும் எங்கே உளறிவிடுவோமோ என்ற பயம்தான் அந்தக் கால் வலி.

முடி இறக்கும் இடத்தில் ஒரு பெண் இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரையோ தேடினாள். நாவிதர் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு சலித்துக்கொண்டார்.

அவள் நேரே இவனிடம் வந்தாள்.

"அண்ணா, இவளுக்கு முதல் மொட்டை. தாய்மாமன் மடியில உக்கார வெக்கணும். எங்கண்ணன் வெள்ளத்துல போயிட்டான். கொஞ்சம் மடி குடுங்கண்ணா."

எந்த வெள்ளம் என்று அவன் கேட்கவில்லை. அவளே சொன்னாள். நடவு வேலைக்கு வந்து, அதே ஏரியின் தென்கோடிக்குக் கீழே குடிசை போட்டிருந்தார்களாம். அவளையும் குழந்தையையும் புளியமரத்தில் ஏற்றிவிட்டு, அம்மாவைத் தூக்கிவரத் திரும்பினானாம் அண்ணன். இரண்டு பேரும் கிடைக்கவில்லை. சாமிதான் குழந்தையைக் காப்பாற்றியது என்றாள்.

மரத்தில் ஏற்றியது மாமன். பேர் என்னவோ சாமிக்கு.

இவளிடம் சொல்லாவிட்டால் இனி யாரிடமும் சொல்ல முடியாது.

"கரை தானா உடையலம்மா" என்றான் வேடியப்பன்.

"ஆங், சாமிதான் உடைச்சுதாமே. பாடிக்கினு போனாங்களே, கேட்டேன்." அவள் குரலில் கோபமே இல்லை. "போவட்டும்ணா. எனக்கு இவளை விட்டு வெச்சுதே."

தென்கோடிக் கரையில் அவன் மண்வெட்டியால் ஐந்தாறு வெட்டு. அன்றைக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது. மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. ஊர்ப் பக்கம் கரை கசியத் தொடங்கியிருந்தது உண்மை. ஆனால் கீழே குடிசைகளில் ஆள் இருக்கிறதா என்று அவன் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கை ஓங்கியிருக்காது. அது அவனுக்கு அப்போதே தெரியும்.

இன்னொரு தடவை வாயைத் திறந்தான். அதற்குள் அவள் குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டாள்.

கத்தியைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டு அவன் மார்பில் முகத்தைப் புதைத்தது. ஆடாமல் பிடி என்று நாவிதர் அதட்டினார். இரண்டு கையாலும் அந்தச் சின்னத் தலையைப் பிடித்துக்கொண்டான். ஈர முடி அவன் முழங்கையில் விழுந்தது. அழுது ஓய்ந்த பிறகு குழந்தை அவன் கட்டைவிரலை இழுத்து வாயில் வைத்துக்கொண்டது.

மேலே மலையில் அரோகரா கேட்டது.

மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒருத்தரும் இல்லாம நின்னுகினு இருந்தேன். சாமியாப் பாத்துதான் உங்களை இங்க உக்கார வெச்சிருக்குது."

வேடியப்பன், "ஆங்" என்றான்.