தனி லேத்

அவளைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும். மெக்கானிக்கல் வகுப்பில் இருந்ததே இரண்டு பெண்கள். பட்டறையில் குழுவுக்கு ஒரு லேத் எந்திரம். இவளை அதன் பக்கமே விடாமல், "உன் எழுத்து முத்து முத்தா இருக்கு, நீ ரிப்போர்ட் எழுது" என்று உட்கார வைத்துவிட்டார்கள் குழுப் பையன்கள். எல்லோரும் 'கறுப்பி' என்று கூப்பிடும் அவளுக்கோ முழுசாக ஒரு லேத்! கொடுத்துவைத்தவள்.

அன்று அவளே வந்து ஒரு தாளை நீட்டினாள்.

"கையெல்லாம் எண்ணெய். இதை நிரப்பித் தர்றியா?"

கல்லூரியை விட்டு விலகும் விண்ணப்பம்.

"பைத்தியமா உனக்கு? தனி லேத்தை விட்டுட்டுப் போறியே! காரணம்னு என்னத்த எழுத?"

"கறுப்பியை யாரும் குழுவுல சேத்துக்கலைன்னு எழுது. பையன்க சொல்லச் சொல்ல, குழுப் பட்டியல்ல என் பேரை மட்டும் தனியாப் போட்டது உன் முத்து எழுத்துதானே? இதையும் நீயே எழுதிடு."