வியாழக்கிழமைக் குழுவில் ஒரு தமிழ்ப் பெயர்

வினோஜா கதிரையை விட்டு எழும்பவில்லை.

எழும்பச் சொல்லி ஷெர்ஸ்தி இரண்டாம் முறையும் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். நோர்வேயில் ஒருவர் இரண்டாம் முறையும் சிரித்துக்கொண்டு கேட்டால், மற்ற நாடுகளில் மேசையில் அடித்துக் கேட்டதற்குச் சமம்.

ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் ஒரு மண்டபத்தின் மேல்மாடி. வியாழன், மாலை ஐந்தரை. இலத்தீன் அமெரிக்க இளைஞர்களுக்கான, பண்பாட்டுக்கு உகந்த ஆதரவுக் குழு. அதன் ஆலோசகர் ஷெர்ஸ்தி.

பண்பாடு சுவரில் தொங்கியது. ஒரு வண்ணப் போர்வை, ஓர் அகலத் தொப்பி. யன்னலோரம் தொட்டியில் ஒரு கள்ளி.

வருகிற எட்டுப் பேரும் பிறந்தது ஒஸ்லோவில். கள்ளிச்செடியை அவர்கள் முதலில் கண்டதே ஷெர்ஸ்தியின் கையில்தான். ஆனாலும் வந்தார்கள். இங்கே சொன்னது இங்கேயே கிடக்கும். அழுதால் யாராவது கடதாசி நீட்டுவார்கள், காரணம் கேட்க மாட்டார்கள்.

எட்டுப் பேரின் பட்டியலில் ஒன்பதாவதாக ஒரு பெயர் இருந்தது. வினோஜா ரவீந்திரன், வயது பதினாறு.

ஐந்து மாதமாக வருகிறாள். கறுத்த முடியையும் நிறத்தையும் பார்த்து, பெரு நாட்டுப் பிள்ளை என்று ஷெர்ஸ்தி தனக்குள் முடிவுகட்டியிருந்தாள். எந்த ஊர் என்று கேட்பது நாகரிகமில்லை அல்லவா.

நேற்று உண்மை தெரிந்ததும் செவ்வாய்க்கிழமைத் தமிழ்க் குழுவின் பொறுப்பாளரை அழைத்து, "உங்கள் பிள்ளை ஒன்று தவறி எங்களிடம் வந்துவிட்டது" என்று சொல்லியிருந்தாள்.

அவர் இப்போது கதவடியில் நின்றார். பகலில் தபால் பிரிக்கும் வேலை. தவறான பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தால் கை சும்மா இராது.

"இவர் திரு. சின்னத்துரை," என்றாள் ஷெர்ஸ்தி. ஆசிய மூத்தவர்களை முதற்பெயர் சொல்லி அழைக்கக்கூடாது, குடும்பப் பெயரே மரியாதை என்று இரண்டு நாள் பயிற்சியில் படித்திருந்தாள். "இவருடைய குழுவில்தான் உன்னுடைய வேர்கள் இருக்கின்றன, வினோஜா."

"வேர் இருக்கிறதென்றால் எழும்ப முடியாதே."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். வினோஜாவின் மடியில் இருந்த ஒன்றரை வயதுக் குழந்தையும் சிரித்தது. அது குழுவிலிருக்கும் மத்தியாசின் மகன். அவளுடைய ரயில் அட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது.

எழும்பினால் வியாழன் போய்விடும். கிழமையில் அவளுக்கென்று இருந்தது இந்த ஒன்றரை மணிநேரம்தான். வீட்டில் அதற்கு வீட்டுப்பாட உதவி என்று பெயர்.

சின்னத்துரை தமிழில் சொன்னார்: "பகிடி காணும். எழும்பு. வெளியிலை கதைப்பம்."

அவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. "விதியை வாசியுங்கள்," என்றாள் ஷெர்ஸ்தியிடம்.

ஷெர்ஸ்திக்கு விதி வாசிப்பது பிடிக்கும். எழுதியவளே அவள்தான்.

"இலத்தீன் அமெரிக்கப் பண்பாட்டில் குடும்பமே மையம் என்பதால், உறுப்பினரின் குடும்பத்தவரும் பங்குபற்றலாம்."

"நான் குடும்பம்தான். இவனுக்குச் சித்தி."

"மத்தியாசின் தங்கையா நீ?" நோர்வேக்காரருக்குச் சித்தியும் மாமியும் ஒன்றுதான்.

"இல்லை. இவனுடைய அம்மாவின் தங்கை." வினோஜா நிமிர்ந்தாள். "என் அக்கா. பெயர் தனுஷா."

"அந்தப் பேரைச் சொல்லாதை எண்டெல்லே சொன்னனான்!" என்றார் கதவடியில் நின்றவர்.

"வீட்டிலைதானே சொல்லக்கூடாது, அப்பா. இது வீடில்லை."

ஷெர்ஸ்திக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'அப்பா' எந்த மொழிக்காரருக்கும் விளங்கும்.

பட்டியலைப் பார்த்தாள். கதவடியைப் பார்த்தாள். வேறு வேறு குடும்பப் பெயர்கள். அப்படியானால் வேறு வேறு குடும்பங்கள். நோர்வேயில் அதுதான் கணக்கு.

வினோஜா நோர்வேஜிய மொழியில் விளக்கினாள்: அவர் பெயர் ரவீந்திரன். சின்னத்துரை அவருடைய தகப்பன், செத்துப் பதினைந்து வருடம். ஷெர்ஸ்தி இரண்டு வருடமாக மரியாதையோடு கூப்பிட்டது அந்தக் கிழவரைத்தான். ரவீந்திரனும் திருத்தவில்லை. மரியாதை யார் பெயருக்கு வந்தாலென்ன, கை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அதே இரண்டு வருடமாக, செவ்வாய்தோறும் குடும்ப விழுமியங்கள் பற்றிப் பேசும்போது, தனக்கு ஒரே பிள்ளை என்றும் சொல்லி வந்தார்.

மாமனாரை மத்தியாஸ் நேரில் காண்பது இதுதான் முதல் தடவை. கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி வினோஜாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

ஷெர்ஸ்திக்கு முகம் மலர்ந்தது. ஐந்து வருட வேலையில் அவளுடைய விதி ஒன்று முதல் முறையாக யாருக்கோ பயன்பட்டிருக்கிறது.

"அப்படியானால் நீங்களும் குடும்பம்தான்! நீங்களும் இருக்கலாம்." படிவத்தில் புதிய வரி ஒன்றைத் தொடங்கினாள். "குழந்தைக்கு நீங்கள் என்ன உறவு?"

நோர்வேஜிய மொழியில் அதற்கென்றே ஒரு சொல் உண்டு. மூர்ஃபார். அம்மாவின் அப்பா. முதலில் அம்மாவைச் சொல்லாமல் அப்பாவைச் சொல்ல முடியாது.

ரவீந்திரன் வாயைத் திறந்தார். மூடினார்.

பேனா காத்திருந்தது.

பாவம், மனுசனுக்குச் சொல் வரவில்லை என்று ஷெர்ஸ்தி நினைத்தாள். "கொஞ்சம் மொழிபெயர்த்து உதவுகிறாயா?" என்று வினோஜாவிடம் கேட்டாள்.

வைத்தியரிடம், வங்கியில், பெற்றோர் கூட்டத்தில், ஒன்பது வயதிலிருந்து அவருக்கு நாக்காக இருந்தவள் அவள்தான்.

வினோஜா குழந்தையை மடியில் சரியாக இருத்திக்கொண்டாள். அப்போதுதான் முதல் முறையாக அவரை நேரே பார்த்தாள்.

"தேவையில்லை," என்றாள். "அவருக்கு அந்தச் சொல் தெரியும்."