விரல் வலிக்கட்டும்

"இதுதான் வேணுமா? நல்லா யோசிச்சுக்குங்க. உங்க அத்தானுக்கு விரல் வலிக்கும்லா," என்றார் கடைக்கார நாகூர் கனி.

"வலிக்கட்டும்," என்றான் அந்தோனி.

கூட வந்த துரைசாமிக்குச் சுருக்கென்றது. சொந்த அக்கா புருஷன், ஞாயிறு தவறாமல் கிராஞ்சி மைதானத்துக்கு வந்து இவனுக்கு ரிமோட் ப்ளேன் ஓட்டச் சொல்லித் தருகிறார். அவரைப் பற்றி இப்படியா பேசுவான் ஒருத்தன்!

கண்ணாடி மேசைமேல் இரண்டு ஜோடி டிரான்ஸ்மிட்டர்கள். ஜோடிக்கு ரெண்டு பெட்டி, நடுவில் ஒரு கேபிள். ஒரு பெட்டி வாத்தியார் கையில், இன்னொன்று மாணவன் கையில். வாத்தியார் ஸ்விட்சைப் போட்டால் ப்ளேன் மாணவன் பேச்சைக் கேட்கும்.

நாகூர் கனி விடவில்லை. மற்ற ஜோடியைத் தொட்டுக் காட்டினார். "உங்க கிளப்புல இருக்கிற பழைய செட்டு மாதிரிதான் இந்த ஜோடி. ஸ்விட்சை ஒரு தடவை தட்டிவிட்டாப் போதும். அப்படியே நிக்கும். வாத்தியார் கோப்பி குடிக்கலாம். நீங்க எடுத்தது ஸ்பிரிங். நீங்க ஓட்டுற வரைக்கும் அவர் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். விரலை எடுத்தா ப்ளேன் அவர் கைக்குப் போயிடும்."

"அதான் வேணும். கட்டுங்க."

துரைசாமி கிளப்புக்குச் செயலாளர். ப்ளேனைத் தரையிறக்குவதில் தன்னை அடிக்க ஆளில்லை என்று அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, ஒரு வருஷமாக் கத்துக்கிற. இன்னும் ஒரு லேண்டிங் உருப்படியா வரலை. சிலுவை அண்ணன் இனி ஓட்டவே மாட்டேன்னு ஒதுங்கினவரு. ஏதோ மச்சானாச்சேன்னு வாயால சொல்லித் தர்றாரு. அவரைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துற?"

அந்தோனி காசைக் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.

சிலுவைராஜ் ஒதுங்கியதற்குக் காரணம் இருந்தது. ஒருநாள் அவர் ஓட்டிய ப்ளேன் சொன்ன பேச்சைக் கேட்காமல் பக்கத்துக் கீரைத் தோட்டத்தில் போய் விழுந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இடைவெளி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மனுஷன் ஆடிப்போய்விட்டார். இருந்த ப்ளேனையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பெட்டியோடு ப்ளேன் ஏறியது. கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் போனது. திடீரென்று மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு கீழே பாய்ந்தது.

"அத்தான்! அத்தான்! போச்சு!"

சிலுவைராஜ் பதறிப்போய் விரலை எடுத்தார். கை வெடவெடவென்று நடுங்கியது. எப்படியோ ப்ளேனைத் தூக்கி நிறுத்தினார். சட்டையெல்லாம் வியர்வை.

"மூக்கைத் தூக்குய்யா மச்சான்! எத்தனை தடவைதான் சொல்றது?"

மறுபடி கொடுத்தார். மறுபடி அதே கூத்து. கடைசியில் அவரே தரையிறக்க வேண்டியதாயிற்று.

"நெஞ்சுல ஈரமில்லாத பய," என்று பல்லைக் கடித்தார் துரைசாமி.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதே கதைதான். அத்தான் என்று இவன் அலறுவதும், அவர் பிடுங்கி ஓட்டுவதும்.

ஒரு ஞாயிறு துரைசாமி சீக்கிரமாகவே மைதானத்துக்கு வந்துவிட்டார். மேலே ஒரு ப்ளேன் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்தது. மல்லாந்து பறந்தது. அப்புறம் வட்டமடித்து வந்து, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி புல்லில் இறங்கியது. அடேயப்பா, யார் இந்த ஆள் என்று எட்டிப் பார்த்தார்.

அந்தோனி! தனியாக. கேபிள்கூட மாட்டவில்லை.

"அடப்பாவி! இவ்வளவு நல்லா ஓட்டுறியே! அப்ப இத்தனை நாளும்?"

அந்தோனி திருதிருவென்று முழித்தான். "மெதுவாண்ணே. நான் முதல் பூசைக்குப் போயிட்டு நேரா வந்துட்டேன். அத்தான் ரெண்டாவது பூசை முடிச்சு பஸ்ல வருவார்."

"எதுக்குய்யா இந்த நாடகம்?"

"அந்தப் ப்ளேன் விழுந்ததுல இருந்து அத்தான் வேலைக்குப் போவார், வருவார், சுவத்தைப் பார்த்து உக்காந்துடுவார். அக்கா அழாத நாளில்லை. திரும்ப ஓட்டுங்கன்னு எவ்வளவோ கெஞ்சினோம். தொடமாட்டேன்னுட்டார். சரி, சொல்லிக் குடுங்கன்னு இழுத்துட்டு வந்தா, பழைய செட்டுல ஸ்விட்சைத் தட்டிவிட்டுட்டு மரத்தடிக்குப் போயிடுவார். ஸ்பிரிங்னா பெட்டியைக் கீழ வைக்க முடியாதுல்ல?"

"அப்ப நீ தலைகீழா விடுறது?"

"நான் தப்புப் பண்ணினாத்தானேண்ணே அவர் ஓட்டுவார்?"

துரைசாமி புல்லில் கிடந்த கேபிளைப் பார்த்தார்.

"இப்பல்லாம் சனிக்கிழமையே அக்காகிட்ட கேக்குறாராம், நாளைக்கு மழை வருமான்னு," என்றான் அந்தோனி. அவசரமாகக் கேபிளை எடுத்துச் செருகினான்.

பஸ் ஸ்டாப் பக்கமிருந்து சிலுவைராஜ் வேகுவேகென்று நடந்து வந்தார். வந்ததும் வராததுமாகத் தன் பெட்டியைக் கையில் எடுத்தார். விரல் தானாக ஸ்விட்சுக்குப் போனது. கை நடுங்கவில்லை.

"வாங்க துரை. நீங்களே சொல்லுங்க, இவனெல்லாம் தேறுவானா?"

துரைசாமி அந்தோனியை ஒரு பார்வை பார்த்தார்.

"அவன் எங்கண்ணே தேறப் போறான்! அதை விடுங்க. இந்த லேண்டிங்தான் எனக்கும் சரியாப் பிடிபட மாட்டேங்குது லா. கொஞ்சம் எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."