கிட்ட இருப்பவர்

அமிர்தம் சிந்துஜாவைக் கரைக்கு இழுத்து வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

கண்ணாயிரம் மட்டும் தட்டவில்லை.

"தப்பும்மா. கிட்ட கெடந்தவன உட்டுட்டு, தூரத்துல இருக்கற பொண்ண எதுக்குத் தூக்கின?"

அவர் தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, வெள்ளாறு கடலில் சேரும் இந்த ஊரின் மீட்புக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறார். சம்பளம் கிடையாது. மத்தியானம் மீன் குழம்பு உண்டு.

தேர்வு சுலபமானதுதான். ஆற்றில் இரண்டு பேர் தத்தளிப்பார்கள். மீட்கப் போகிறவர் இடுப்பில் வாய் அடைத்த பிளாஸ்டிக் குடம் ஒன்று கட்டியிருக்கும். அது ஒருவரைத்தான் தாங்கும். முகத்தைப் பார்க்கக் கூடாது. குரலைக் கேட்கக் கூடாது. யார் கிட்ட இருக்கிறாரோ அவரை முதலில் கொண்டுவர வேண்டும்.

அமிர்தம் இரண்டு முறையும் தூரத்தில் இருந்த சிந்துஜாவிடம் போய்விட்டாள்.

மூன்றாவதிலும் தவறினால் முதலுதவிக் குழுவுக்கு மாற்றிவிடுவார்கள். பஞ்சும் துணியும் வைத்துக்கொண்டு கரையில் உட்காருவதற்காக அவள் வரவில்லை. அன்பரசுவைச் சுனாமி அலை கொண்டுபோய் இரண்டு வருடம் ஆகிறது. மகன் போன தண்ணீரில்தான் ஏழு மாதமாக நீந்தக் கற்றுக்கொண்டாள். முதன்முதலாகச் சுடிதார் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோது ஊரே பார்த்தது. பார்க்கட்டும் என்று நடந்தாள்.

"கொழுந்தன இழுத்துட்டு வந்தா அப்புறம் பேச வேண்டி வருமில்ல, அதான் உட்டுட்டுப் போவுது!" கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மங்கலம் கத்தினாள். யாரோ அவளை அடக்கினார்கள்.

கிட்ட கிடந்தவன் ராஜவேல். கணவனின் தம்பி. அலை வந்த நாளிலிருந்து அமிர்தம் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. வெளியூர்க்காரரான கண்ணாயிரத்துக்கு இப்போதுதான் அது தெரிந்தது.

"ஆள மாத்திடட்டுமா?"

"வேணாம் சார். அதே ஆளு இருக்கட்டும்."

விசில் ஊதினார்.

அமிர்தம் பாய்ந்தாள். இடுப்புக் குடம் பின்னால் துள்ளிக்கொண்டு வந்தது. தூரத்தில் சிந்துஜா மெல்லிய குரலில் கத்தினாள். ராஜவேல் கத்தவில்லை. கத்தச் சொல்லி எத்தனை முறை திட்டியும் அவன் தண்ணீரை அடிப்பானே தவிர வாயைத் திறக்க மாட்டான்.

பாதி வழியில் அவள் கால் ஓய்ந்தது. உடம்பு தானாகவே அந்தக் குரலின் பக்கம் திரும்பியது.

தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். குரல் நின்றது. அப்படியே நேராகப் போனாள்.

தாடையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்றுதான் கண்ணாயிரம் சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் ராஜவேலின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள்.

கரையில் சேர்த்தபோது கைதட்டல் இல்லை.

"பிடி சரியில்ல. ஆனா பாஸ்," என்றார் கண்ணாயிரம்.

ராஜவேல் மண்டியிட்டு இருமிக்கொண்டிருந்தான். அவன் உச்சந்தலையில் அவள் விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது. அது எப்படி எரியும் என்று அவளுக்குத் தெரியும்.

அலை வந்த அன்றைக்கு அவனுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. ஒரு கையால் தென்னையைக் கட்டிக்கொண்டிருந்தான். மிச்சம் இருந்தது ஒரே கை. என்னை விடு, பிள்ளையைப் பிடி என்று அவள் அலறினாள். தூரத்தில் அன்பரசு கத்திக்கொண்டிருந்தான்.

கிட்ட இருந்தது அவள்தான். கொத்தாக முடியைப் பிடித்தான். விடவே இல்லை.

அமிர்தம் குடத்தை அவிழ்த்தாள். ராஜவேலின் இடுப்பில் வைத்து, கயிற்றை இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டினாள்.

"அடுத்தது ஒன் மொற தம்பி," என்றாள். "நான் கிட்ட கெடக்கறேன்."

அவன் நிமிர்வதற்குள் அவள் ஆற்றில் இறங்கியிருந்தாள்.